பையைத் திறக்கச் சொன்னது யார்?

கடைக்கு வந்த ஒரு பையனின் பையை வாசல் செக்யூரிட்டி கவிழ்த்துக் கொட்டி, அவனைக் குடோனில் உட்கார வைத்த வீடியோ சுற்றுகிறது. அதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ஒரு நண்பர், நல்ல படிப்பாளி, "வாட்ச்மேன் கையில் அதிகாரம் கிடைத்தால் இப்படித்தான்" என்று எழுதியிருந்தார். அதற்கு நம்ம பாலக்காட்டு எல்லைப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் ஆட்களே வரிசையாக ஹார்ட்டின் விட்டிருந்ததைப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பையனுக்கு நடந்தது அநியாயம். பையைக் கவிழ்த்துக் கொட்டியதும் தப்பு, குடோனில் உட்கார வைத்ததும் தப்பு. ஆனால் பையைத் திறக்கச் சொன்னது யார்? கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டுகிறாரே டை கட்டிய ஒருவர், அவரை ஏன் யாரும் வட்டம் போட்டுக் காட்டவில்லை? மறுநாள் கடைக்காரர்கள் சொன்னது என்ன? "அவர் எங்கள் ஊழியர் இல்லை, ஏஜென்சி ஆள், நீக்கியாகிவிட்டது." அவ்வளவுதான். அந்த செக்யூரிட்டித் தம்பிக்கு வேலை போனது, கடையில் ஓணம் ஆஃபர் ஜோராக நடக்கிறது.

செக்யூரிட்டிக்கு என்று தனி அதிகாரம் ஒன்றும் கிடையாது. உங்களுக்கும் எனக்கும் இருப்பதுதான் அவனுக்கும். கண்ணெதிரே ஒருவர் ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்தைச் செய்தால் பிடித்து வைக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 40-வது பிரிவு அது. 5000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல் தடவை எடுத்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டால் இப்போது சமூக சேவைதான் தண்டனை, ஜாமீனும் உண்டு. அப்படியிருக்க, ஒரு சாக்லேட்டுச் சந்தேகத்துக்காக யாரையும் அறையில் அடைத்து வைக்கக் கூடாது. அடைத்தால் கேஸ் அடைத்தவன் மேலேயே வரலாம். பையைப் பார்ப்பதும் அப்படித்தான். கேட்கலாம், அவர் சம்மதித்தால் பார்க்கலாம், மாட்டேன் என்றால் போலீசைக் கூப்பிடலாம்.

இதையெல்லாம் அந்தத் தம்பிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டம் பயிற்சி கட்டாயம் என்கிறது. மத்திய மாதிரி விதிகளின்படி வகுப்பில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். நான் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனி கேட்டில் சூப்பர்வைசராக இருந்தவன், நடப்பைச் சொல்கிறேன். சாயங்காலம் கோயம்புத்தூரிலிருந்து வேனில் ஆள் வந்து இறங்குவான், காலில் ரப்பர் செருப்பு. முந்தைய ஆள் கழற்றிப் போட்ட சட்டை, ஈரம்கூடக் காய்ந்திருக்காது, அதையே மாட்டிக்கொள்வான். கையில் ஒரு டார்ச், ஒரு விசில். பத்து மணிக்கெல்லாம் ரெஜிஸ்டரில் லாரி நம்பர் எழுத ஆரம்பித்துவிடுவான். அவனுடைய 160 மணி நேரமும் அதோடு முடிந்தது. ரிலீவர் வரவில்லை என்றால் விடிந்த பிறகும் அவனேதான் டபுள் டியூட்டி. ஏஜென்சிக்குத் தமிழ்நாட்டு லைசென்ஸ் இருக்கும். வாளையாறு எல்லை தாண்டினால் கேரள லைசென்ஸ் தனியாக வேண்டுமே, அதைக் கேட்டு வாங்கிப் பார்த்த ஹெச்.ஆர். ஒருவரையாவது காட்டுங்கள். அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: தலைக்கு எவ்வளவு? அப்புறம் ஒரு ஆசை வேறு. ஆள் பார்க்கப் போலீஸ் மாதிரி இருக்க வேண்டுமாம். போலீஸ், ராணுவ உடையைப் போலத் தோன்றும் யூனிஃபார்ம் போட்டால் ஒரு வருடம் வரை உள்ளே போகலாம் என்று அதே சட்டத்தில் இருக்கிறது சார்.

"ஏஜென்சிக்கு வக்காலத்தா?" என்று ஒருவர் வருவார். மேலே எழுதியதைத் திரும்பப் படிக்கவும். "கடைக்காரருக்குத் திருட்டால் நஷ்டம் இல்லையா?" இருக்கட்டும், கேமரா வைக்கட்டும். "அட்டப்பாடியை மறந்துவிட்டாயா?" மறக்கவில்லை. 2018-ல் அங்கே மது என்ற பழங்குடி இளைஞரைத் திருட்டுப் பழி சொல்லிப் பிடித்துக் கட்டிவைத்து அடித்துக் கொன்றது ஊர்க் கூட்டம், கேட்டில் நின்ற செக்யூரிட்டி இல்லை. 2023-ல் மண்ணார்க்காடு கோர்ட் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதிகாரம் கிடைத்தால் ஆடுகிற புத்தி வாட்ச்மேனுக்கு மட்டும் சொந்தமா?

சொல்கிறவர் வெளியே, செய்கிறவன் உள்ளே. இது எனக்குப் புதிதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் உறவுக்காரர் ஒருவர் பெண்ணுக்குப் பாலக்காட்டில் மாப்பிள்ளை பார்த்தார். "நீதான் செக்யூரிட்டி லைன்ல இருந்தவனாச்சே, துப்பறியிற ஆள் யாரையாவது பிடிச்சு பையனோட போன் கால் லிஸ்ட்டை எடுத்துக் கொடுத்துடு மாப்ளே" என்றார். வேலை பார்க்கிற இடத்தில், அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் மாமா, அடுத்தவன் கால் விவரத்தைத் தொடக் கூடாது, 2018-ல் மும்பை பக்கம் தானேயில் இதற்காகவே தனியார் துப்பறிவாளர்களைப் பிடித்து உள்ளே வைத்தார்கள் என்றேன். இந்தத் துப்பறியும் தொழிலுக்கென்று 2007-ல் ஒரு மசோதா வந்தது, கடைசிவரை சட்டமாகவே ஆகவில்லை. மாட்டினால் மாமாவா வந்து நிற்பார்? "நான் எங்கே சொன்னேன்" என்பார். அந்தக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை. பரவாயில்லை.

கடை ஊழியர்கள் வேலை நேரத்தில் உட்காரும் உரிமைக்குக் கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டம் திருத்தின. இரண்டு பக்கமும் பெருமையாகப் பகிர்ந்தோம். அந்த வீடியோவை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், வாசலில் நாற்காலி இருக்கிறதா? உங்கள் அப்பார்ட்மென்ட் கேட்டில் நிற்பவருக்கு உங்கள் அப்பா வயது. உங்கள் பிள்ளை அவரை "டேய்" என்கிறான். நீங்கள் சிரிக்கிறீர்கள். அப்புறம் முகநூலில் வந்து மனித உரிமை எழுதுகிறீர்கள். எழுதுங்கள், நானும் லைக் போடுகிறேன்.

தம்பிக்கு மலையாளம் படிக்கத் தெரியாது, பேசினால் புரியும். கஞ்சிக்கோடு, வேலந்தாவளம் பக்கம் எட்டு மணி நேர ஷிப்டில் வேலை இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்துக் கட்டுகிற இடமாக இருக்கட்டும். அறிவுரை வேண்டாம்.