மலைப் பாதையை இறக்கத்திலிருந்து திட்டமிடுங்கள்

போன வாரம் ஒரு நண்பர் தன் கோடைப் பயணத் திட்டத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டார். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் ஒரே நாளில் கிளாந்தோன், தெலெகிராஃப், கலிபியே என்ற மூன்று கணவாய்கள், கடைசியாக ஆல்ப் துயேஸ் ஏற்றம். மொத்தம் 170 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் மட்டும் 5,000 மீட்டர். லா மார்மோத் என்ற புகழ்பெற்ற சைக்கிள் நிகழ்வு போகும் அதே வழி. அதைத் தனியாக ஓட்டப் போகிறார். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நீளம், சராசரிச் சரிவு, எந்த கியர், எங்கே தண்ணீர் என்று அட்டவணையே போட்டிருந்தார். இறக்கத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

அவர் மட்டும் இல்லை, நாம் எல்லோருமே இப்படித்தான். மலையில் ரோடு சைக்கிள் என்றாலே ஏற்றம்தான் பேச்சு. இறக்கம் என்பது ஏறியதற்குக் கிடைக்கும் பரிசு என்று விட்டுவிடுகிறோம். பல வருடங்கள் மலைகளில் ஓட்டிய பிறகு நான் நேர்மாறான முடிவுக்கு வந்திருக்கிறேன். எந்தக் கணவாய், எந்தப் பக்கம் ஏறுவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது, எல்லாவற்றையும் முதலில் இறக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏற்றத்தில் கணக்குத் தப்பினால் நின்று மூச்சு வாங்கலாம், தள்ளிக்கொண்டு போகலாம், வந்த வழியே திரும்பலாம். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தால் முட்டி சிராய்க்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் அந்த அவகாசம் கிடையாது. வேகம் 40-லிருந்து 60 ஆனால் நிற்கத் தேவையான தூரம் இரண்டேகால் மடங்காகிறது. பத்து சதவீதச் சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் சாலையில், சரிவே நம்மை இழுப்பதால் அது இன்னும் கொஞ்சம் நீளும். சாலை ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் பழைய கதைகளில் என் மனதை விட்டு அகலாதது 1913-ல் பிரெனே மலைத்தொடரின் டூர்மாலே கணவாயில் நடந்தது. யூஜென் கிறிஸ்தோஃப் என்ற வீரர் மலையை நன்றாகவே ஏறிவிட்டார். இறங்கும் வழியில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் உடைந்தது. வெளி உதவி பெறக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்து, சேன்த் மரி த காம்பான் ஊரின் கொல்லுப்பட்டறையில் தன் கையாலேயே ஃபோர்க்கைச் சரி செய்தார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதிக் கொடுத்ததற்காக அவருக்கு நேர அபராதமும் விழுந்தது. மணிக்கணக்கில் நேரம் போனது, பந்தயமும் போனது. ஏற்றம் தாங்கிய சைக்கிளை இறக்கம் உடைத்தது.

அவர் உயிரோடு தப்பினார். ஃபாபியோ காசர்தெல்லி 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் ரோடு பந்தயத்தில் தங்கம் வென்றவர். 1995 ஜூலை 18 அன்று பிரெனே மலைத்தொடரில் போர்த்தே தாஸ்பே இறக்கத்தில் விழுந்து இறந்தார். அந்தக் கணவாயின் உயரம் 1,069 மீட்டர். டூர்மாலேயின் 2,115 மீட்டரோடு ஒப்பிட்டால் பாதிதான். கணவாயின் பெயரும் உயரமும் அதன் இறக்கத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 2023-ல் சுவிட்சர்லாந்தின் ஆல்புலா கணவாய் இறக்கத்தில் பந்தய வீரர் ஜினோ மேடரை இழந்தோம். எதிரே வண்டி வராமல் அடைத்த சாலையில், வாழ்நாள் முழுக்கப் பயிற்சி எடுத்தவர்களுக்கே இந்த நிலை. நாம் ஓட்டுவது எதிரே பேருந்து வரும் சாலையில்.

சரி, இறக்கத்தை வைத்து எப்படித் திட்டமிடுவது? ஒரே மலைக்கு இரண்டு மூன்று பக்கங்கள் இருக்கும். செங்குத்தான பக்கத்தில் ஏறுங்கள், சரிவு குறைந்த பக்கத்தில் இறங்குங்கள். பிரான்சின் மோன் வான்தூ மலை இதற்கு அருமையான உதாரணம். பெதுவான் ஊரிலிருந்து சுமார் 21 கிலோமீட்டரில் 1,600 மீட்டர் ஏற வேண்டும். சராசரி ஏழரை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அந்தச் சராசரியை நம்பவே கூடாது. முதல் ஐந்தாறு கிலோமீட்டர் மிகச் சாதாரணம், அதனால்தான் எண் குறைகிறது. அப்புறம் காட்டுக்குள் நுழைந்ததும் ஒன்பது, பத்து சதவீதம் விடாமல் தொடரும். மறுபக்கம் சோ என்ற ஊருக்கு இறங்கும் சாலை சுமார் 26 கிலோமீட்டர், சராசரி நாலரை சதவீதம்தான். பெதுவானில் ஏறி சோ பக்கம் இறங்கினால் உச்சியை ஒட்டிய சில கிலோமீட்டரைத் தாண்டியதும் கைகளுக்கு ஓய்வு கிடைக்கும், சுற்றிலும் பார்க்கவும் முடியும்.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயும் அப்படித்தான். பிராத்தோ ஊர்ப் பக்கத்தில் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகிறவருக்கு அவை வரம்: வளைவின் வெளி ஓரத்தில் சரிவு சற்றுத் தணியும், ஓரிரு மூச்சு கிடைக்கும். இறங்குகிறவருக்கு அதே வளைவுகள் 48 முறை பிரேக், 48 முறை எதிரே என்ன வருகிறது என்ற கேள்வி. உச்சியிலிருந்து போர்மியோ பக்கம் கொஞ்சம் இறங்கி, உம்பிரைல் கணவாய் வழியாக சுவிட்சர்லாந்துக்குள் போய்ச் சுற்றி, பிராத்தோவுக்கே வந்து சேரலாம். அங்கும் வளைவுகள் உண்டு, சரிவும் உண்டு, ஆனால் வண்டிகள் குறைவு. வந்த வழியே திரும்பாத அந்தச் சுற்றைத்தான் நான் யாருக்கும் சொல்வேன்.

அடுத்தது குளிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். வேர்த்து நனைந்த உடம்போடு உச்சிக்குப் போய், நாலு படம் எடுத்துவிட்டு அப்படியே இறங்க ஆரம்பிப்பது நம் வழக்கம். ஒருமுறை நானும் அப்படி இறங்கினேன். அடிவாரத்தில் நல்ல வெயில் என்று ஜாக்கெட்டையும் முழு விரல் உறையையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது கிலோமீட்டரில் பிரேக்கை அழுத்துகிறேனா இல்லையா என்றே விரல்களுக்குத் தெரியவில்லை. எப்படியோ ஓரம் கட்டி, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் வலி மறந்துபோகும், அந்த அரைமணி நேரம் இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து வெயில் எவ்வளவு அடித்தாலும் ஜாக்கெட் என் முதுகுப் பையில் இருக்கும்.

பிரேக்கைப் பற்றியும் ஒன்று. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், பத்து சதவீதச் சரிவில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாமல் பிடித்து வைக்க பிரேக்குகள் சுமார் 500 வாட் வெப்பத்தைத் தாங்க வேண்டும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியில் பாதி. அழுத்திய பிரேக்கை விடாமலே இறங்கினால் அந்தச் சூடு சக்கர ரிம்மிலோ பிரேக் டிஸ்க்கிலோ ஏறிக்கொண்டே போகும். வளைவுக்கு முன் நேர்ச்சாலையில் பலமாகப் பிடித்து, பிறகு விட்டு, காற்று பட ஆற விடுங்கள்.

கடைசியாக நேரம். சாதாரண ஓட்டுநர் மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏறினால் அதுவே நல்ல வேகம். 5,000 மீட்டருக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஏற்றம் மட்டுமே, சமவெளியும் இறக்கமும் தனி. கோடையில் ஆல்ப்ஸில் மதியத்துக்கு மேல் இடி மழை வருவது சாதாரணம். நண்பரின் கணக்குப்படி அவர் கலிபியேயிலிருந்து இறங்குவது சரியாக அந்த நேரத்தில்தான்: 2,642 மீட்டரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், நடுவே சுரங்கப் பாதைகள், களைத்த கண்கள். லா மார்மோத் நிகழ்விலேயே கிளாந்தோன் இறக்கத்துக்கு நேரக் கணக்கு கிடையாது. அங்கே யாரும் முந்தப் பார்க்க வேண்டாம் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

அதனால் அவருக்கு இப்படி எழுதினேன். முதல் நாள் கிளாந்தோன் மட்டும். உச்சியில் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, செங்குத்தான முதல் இரண்டு கிலோமீட்டரை நிதானமாக இறங்கி, பள்ளத்தாக்கில் தங்குங்கள். மறுநாள் விடிந்ததும் தெலெகிராஃப், அதன் பிறகு கலிபியே, மேகம் திரளும் முன் உச்சியைத் தாண்டிவிடுங்கள். சுரங்கங்களுக்கு முன்விளக்கும் பின்விளக்கும் கட்டாயம். ஆல்ப் துயேஸின் 21 வளைவுகளை மூன்றாம் நாள் காலையில், புதிய கால்களோடு ஏறுங்கள். நேற்று பதில் வந்தது: விடுப்பை இரண்டு நாள் நீட்டிவிட்டாராம்.