அந்த எலுமிச்சைப் பழத்தைக் கீழே வையுங்கள்

இன்று காலை ஏழு மணி. காப்பிக்குப் பால் வைத்துவிட்டுக் கைப்பேசியைத் திறக்கிறேன், குடும்பக் குழுவில் அதே வீடியோ. அதே அம்மா, அதே கண்ணாடிக் கிண்ணம், அதே எலுமிச்சைப் பழம். அடியில் அதே வரி: ‘பக்கவிளைவே இல்லாத இயற்கை ஃபேஷியல், பத்தே நிமிடத்தில் முகம் பளிச்!’ அனுப்பியவர் இங்கே சிங்கப்பூரில், பிடோக்கில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர். 2020-ல் எந்த வீடியோவைப் பார்த்து என் மகளின் கன்னம் பொசுங்கியதோ அதே வீடியோ. இந்த முறை பதின்மூன்று வயதுகூட ஆகாத என் கொழுந்தனார் மகளுக்கு. அதற்குப் பன்னிரண்டு பேர் கைகூப்பிய பொம்மை வேறு போட்டிருக்கிறார்கள்.

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கக்கூட மனம் வரவில்லை.

2020-ல் கொரோனாவுக்காகச் சிங்கப்பூரை முடக்கிப் போட்டார்களே, அந்த ‘சர்க்கிட் பிரேக்கர்’ மாதங்களை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லார் வீட்டு அடுப்படியும் அழகு நிலையமாக மாறிய காலம். ஏப்ரல் 22-லிருந்து முடிவெட்டும் கடைகளையும் மூடினார்கள், மே 12-ல்தான் திறந்தார்கள். வெந்தயம், செம்பருத்தி, முட்டை, தயிர், கற்றாழை என்று தலையில் அப்பாதது எதுவும் இல்லை. முட்டை பூசிய தலையில் ஹீட்டர் தண்ணீரை ஊற்றி, வெந்துபோன முட்டையை முடியிலிருந்து ஒவ்வொரு துணுக்காக எடுத்தவர்கள் எத்தனை பேரோ. அதெல்லாம் போகட்டும். முடி வளர்ந்துவிடும், வாடை போய்விடும். முகம் அப்படியா?

மே மாதம். ஜூன் விடுமுறையை முன்னால் இழுத்து 5-ஆம் தேதியே தொடங்கிவிட்டிருந்தார்கள். மகளுக்குப் பதினான்கு வயது. முகக்கவசம் போட்டுப் போட்டு மோவாயில் நாலு பரு. அவ்வளவுதான். அதற்கு முன் அவள் முகத்தில் ஒரு குறையும் இல்லை, இருந்ததாக அவள் நினைத்ததும் இல்லை. வீடியோ அழைப்பில் அத்தை பார்த்தார். அழைப்பு முடிந்து ஐந்து நிமிடத்தில் வீடியோ வந்தது, கூடவே ஒரு குரல் பதிவு: “பிள்ளைக்கு இதைப் போட்டு விடும்மா. வீட்டுக்குள்ளேயேதானே கிடக்கு, இந்த ரெண்டு மாசத்துல கொஞ்சம் கலர் கூடட்டும். இயற்கைதானே, ஒண்ணும் செய்யாது.”

நான் அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். மகள் கேட்டுவிட்டாள்.

குளிர்பதனப்பெட்டியில் இருந்தது இரண்டே எலுமிச்சை. அவை வந்த கதையும் சொல்ல வேண்டும். நாங்கள் இருப்பது யீஷூன் வட்டாரத்தில். சோங் பாங் சந்தைக்குள் அப்போது அடையாள அட்டையின் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் விட்டார்கள், ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படை எண், இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படை எண். முதல் நாள் போய்த் திரும்பி, மறுநாள் போய் வரிசையில் நின்று வாங்கி வந்த பழம். ரசத்துக்கு வைத்திருந்தேன். அதை அறுத்து, சாறு பிழிந்து, சர்க்கரை கலந்து முகத்தில் தேய்த்துக் கழுத்திலும் பூசியிருக்கிறாள். வீடியோவில் சொன்னபடி, காயும்போது எரிந்தால் ‘வேலை செய்கிறது’ என்று பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளையை எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

அப்போது மணி பதினொன்று. சலவை இயந்திரம் நின்றுவிட்டது. எனக்கு ஒரு வேலை அழைப்பு. “துணியைக் கொஞ்சம் காயப்போடும்மா” என்று கூப்பிட்டது நான்தான். முகத்தைத் தண்ணீரில் ஒற்றிவிட்டு ஓடி வந்தாள். எங்கள் சமையலறை கிழக்குப் பார்த்தது. நாலு மூங்கில் கழி. ஒவ்வொன்றிலும் துணியை மாட்டி, கிளிப் போட்டு, சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கழியை வெளிச்சுவரில் பதித்திருக்கும் குழாயில் செருக வேண்டும். கால் மணி நேரம் ஆகியிருக்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் இது, வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு, மிகக் கடுமை என்று சொல்லும் 11-ஐத் தாண்டும் நாட்கள் எத்தனையோ. அந்த வெயில் முழுக்க அந்த முகத்தில்.

அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் கன்னம் சிவந்தது. கொசுக்கடி என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை தாடையோரம் கொப்புளம், சின்னச் சின்னதாக நீர் கோத்துக்கொண்டு. தலையணை உறை பட்டாலே அழுதாள். கொப்புளம் அடங்கியதும் பழுப்பு நிறத்தில் கோடுகள் எழும்பின. சாறு வழிந்த இடமெல்லாம் கோடு. வலது கன்னத்திலிருந்து தாடை வரை இரண்டு, ஒன்று நீளம், ஒன்று பாதியில் நின்று சொட்டு மாதிரி உருண்டு முடிந்திருந்தது. கழுத்தில் நாலு விரல் தடம், அவளே பூசிய அவளுடைய விரல்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணும்படி.

புளோக்குக்குக் கீழே இருக்கும் மருந்தகத்துக்கு ஓடினோம். மருத்துவர் எதையும் தொடவில்லை. அந்தக் கோடுகளைப் பார்த்தார், ஒரே ஒரு கேள்வி: “லைம் ஜூஸ்?” அவ்வளவு தெரிந்த விஷயம் அது! ஃபைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எலுமிச்சையில் ஃபியூரோகூமரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அது தோலில் படிந்திருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடம் வெந்துபோகும். ஒரு நாள் கழித்துத்தான் சிவக்கும், இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், கறை மறைய மாதங்கள் ஆகலாம். ஒவ்வாமையே இல்லாதவர்களுக்கும் வரும். அதனால் “எனக்கு எதுவும் ஆகலையே” என்று யாரும் என்னிடம் வராதீர்கள். நீங்கள் வெயிலில் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

வெயிலே படாவிட்டாலும் அது முகத்துக்கு ஆகாது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு நம் தோலில் ஐந்தை ஒட்டி இருக்கும், எலுமிச்சைச் சாறு இரண்டை ஒட்டி. ஒரு எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. மூன்று எண் இறங்கினால் ஆயிரம் மடங்கு. இந்தப் பத்தாம் வாய்ப்பாட்டுக் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்காமல் பிள்ளைகளின் முகத்தில் பூசச் சொல்கிறார்கள்.

இயற்கையாம்! சேராங்கொட்டையும் மரத்தில் காய்ப்பதுதான், பால் பட்டால் கொப்பளித்துவிடும். எருக்கம்பாலும் செடியில் சுரப்பதுதான், கண்ணில் விட்டுக்கொள்வீர்களா? இதற்குப் ‘பாட்டி வைத்தியம்’ என்று பெயர் வைப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் பாட்டி பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் காயவைத்து அரைத்துத் தருவார். எலுமிச்சையை அவர் எங்கள் முகத்தில் ஒரு நாளும் வைத்ததில்லை. எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தலையில் ஒரு மூடி தேய்ப்பார், உடனே அலசிவிடுவார், கண்ணில் படாமல் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொள்வார். அந்தக் கையின் கவனம் எந்த வீடியோவில் இருக்கிறது? பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணியிடம் அப்போதே சொன்னேன். படமும் அனுப்பினேன். வந்த பதில் இது: “அவ தேன் சேர்க்காம விட்டிருப்பா.” ஒரு ‘ஐயோ’ இல்லை. பிள்ளைக்கு வலிக்கிறதா என்று ஒரு கேள்வி இல்லை. தேன்!

ஜூன் 2-ஆம் தேதி பள்ளி திறந்தது. கன்னத்தை முகக்கவசம் மறைத்தது, கழுத்தை எது மறைக்கும்? அந்த நவம்பரில் தீபாவளிக்குத் துணி எடுக்கும்போதும் கழுத்து மூடிய சட்டையாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். ஊரெல்லாம் வியர்த்து வழியும் இந்தச் சிங்கப்பூரில், பதினான்கு வயதுப் பிள்ளை. கறை போய்விட்டது, ஆனால் வீடியோ அழைப்பு வந்தால் கைப்பேசியைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்துப் பிடிக்கும் பழக்கம் அவளுக்கு இன்னும் போகவில்லை. வேலைக்கே போக ஆரம்பித்துவிட்டாள், இன்னும் சாய்க்கிறாள்.

இத்தனைக்கும் காரணம் நாலு பரு இல்லை, ‘கலர் கூடட்டும்’ என்ற அந்த ஒரு வார்த்தை. அதே 2020-ல்தான் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லையே எடுத்தது. முகப்பூச்சு விற்பவர்களுக்கே கூச்சம் வந்துவிட்டது, நம் குடும்பங்களில் இன்னும் வரவில்லை. என் மகள் என் நிறம். என் அம்மா நிறம். அதில் எதைக் கூட்ட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும்?

இன்று காலை குழுவில் பதில் எழுதவில்லை. நேரே ஓரகத்திக்குப் போன் போட்டேன். “அக்கா, இப்பத்தான் பழத்தை அறுத்தா” என்றாள். சாதத்துக்குப் பிழியச் சொன்னேன். பிள்ளையையே போனில் கூப்பிட்டு, “உன் முகத்துக்கு ஒன்றும் தேவையில்லை கண்ணு, வெறும் தண்ணீர் போதும், வெளியே போனால் சன்ஸ்கிரீன் போட்டுக்கொள்” என்றேன். சரி பெரியம்மா என்றது. அந்தச் சின்னக் குரலைக் கேட்டதும்தான் அழுகை வந்தது. அதன் பிறகு 2020-ல் எடுத்த அந்தக் கழுத்துப் படத்தைத் தேடி எடுத்து, மகளிடம் கேட்டுக்கொண்டு, குழுவில் போட்டேன். இதுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. கைகூப்பிய பன்னிரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்துவிட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சொட்டுச் சொட்டென்று சத்தம். எட்டிப் பார்க்கிறேன், மேல்மாடிக்காரர்கள் பிழியாத துடைப்பத்தைச் சன்னலுக்கு வெளியே மாட்டியிருக்கிறார்கள். கீழே என் சின்னவனின் வெள்ளைச் சட்டை, நாளைக்குப் பள்ளிக்குப் போட வேண்டியது, காலரிலிருந்து பை வரை அழுக்குத் தண்ணீர் கோடு போட்டு இறங்கியிருக்கிறது. மூன்றாவது முறை இந்த மாதத்தில். இருங்கள், மேலே போய்விட்டு வருகிறேன்.