ஜேபெக்கில் பின்னணி ஒருநாளும் மறையாது

அண்ணை, பனையோலைக் கடகத்தின் (கூடையின்) படத்தில் பின்னணியை அழிப்பானால் அழித்துவிட்டு, தரத்தை 100இல் வைத்து ஜேபெக் (JPEG) கோப்பாகச் சேமித்தால் பொருள் மட்டும் தனியாக வரும் என்று மேலே எழுதியிருக்கிறீங்கள், அது பிழை. ஜேபெக்கில் வெளிப்படைத்தன்மைக்கே, அதாவது பின்னால் இருப்பது தெரிகிற மாதிரி ஒரு பகுதியை வெறுமையாக விடுவதற்கே, இடமில்லை. நீங்கள் அழித்த இடம் பெரும்பாலும் வெள்ளையாக நிரம்பிவிடும். வெள்ளைத் திரையில் பார்க்கிறபோது சரியாகத்தான் தெரியும், ஆனால் முல்லைத்தீவில் கடை வைத்திருக்கிற அக்கா அதையே பச்சை பேனரில் போட்டால் கடகத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி நிற்கும். தரம் 100 என்பது படத்தை எவ்வளவு சுருக்குவது என்ற கணக்கு மட்டும்தான். வெளிப்படைத்தன்மைக்கு இடமுள்ள பிஎன்ஜி (PNG) அல்லது வெப்பி (WebP) கோப்பாகச் சேமியுங்கள்.

அழிப்பானையும் விடுங்கள். கோப்பைச் சேமித்து மூடிவிட்டால் அழித்த ஓலை திரும்பி வராது. ஃபோட்டோஷாப், கிம்ப் (GIMP) ஆகிய படம் திருத்தும் மென்பொருள்களில் லேயர் மாஸ்க் இருக்கிறது, அது படத்தை அழிக்காமல் மறைக்கிற ஒரு திரை. அதில் கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். கடகத்தின் விளிம்பில் பிரிந்து நிற்கிற மெல்லிய ஓலை நுனிகளுக்கு இந்தச் சாம்பல்தான் உதவும், அங்கே கூரான வெட்டு கத்தரிக்கோலால் நறுக்கியது போலத் தெரியும். செம்மண் முற்றத்தில் எடுத்த படமென்றால் விளிம்பில் சிவப்புக் கோடு ஒன்று மிஞ்சும், மாஸ்க்கை ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே இழுத்தால் பெரும்பாலும் போய்விடும். புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் இதை வாசிக்கிறார்கள், தயவுசெய்து உங்கள் பதிவைத் திருத்திவிடுங்கள்.