பேனரில் வராத 54 மாசம்

கிருஷ்ணகிரி ரவுண்டானா, தருமபுரி பஸ் ஸ்டாண்டு, எங்க திரும்பினாலும் அதே பிளக்ஸ்: "வெளிநாட்டில் எம்பிபிஎஸ், என்எம்சி அங்கீகாரம்!" எந்த அங்கீகாரம்? வெளிநாட்டுக் கல்லூரி எதையும் என்எம்சி, அதாவது தேசிய மருத்துவ ஆணையம், பட்டியல் போட்டு அங்கீகரிக்கறதே கிடையாது. விதிதான் இருக்கு. அந்த விதியை ஒரு பேனராவது சொல்லுதா?

2021 நவம்பர் 18-ல வந்த விதி. படிப்பு மட்டும் குறைஞ்சது 54 மாசம். அதுக்கு மேல 12 மாசம் இன்டர்ன்ஷிப், அதுவும் அதே கல்லூரியிலயே. பாடம் ஆங்கிலத்துல. அந்த நாட்டுக்காரங்க மாதிரியே அங்க டாக்டரா வேலை பார்க்க லைசென்ஸ் வாங்கற தகுதி வேணும். எல்லாம் 10 வருஷத்துக்குள்ள. இதுல ஒண்ணு விட்டாலும் இங்க டாக்டரா பதிவு பண்ண முடியாது, போச்சு! பிலிப்பைன்ஸ்ல முதல்ல பிஎஸ்ங்கற அறிவியல் பட்டம் முடிச்சு, அப்புறம் 48 மாச எம்டிங்கற மருத்துவப் படிப்பு படிச்சா, பிஎஸ் காலம் கணக்குல சேராது. 54-க்கும் 48-க்கும் நடுவுல அந்த ஆறு மாசத்தை யார் திருப்பித் தருவாங்க?

ஆங்கில மீடியம்னு லெட்டர்ல இருக்கும். ரஷ்யாவுல வார்டுல படுத்திருக்கற நோயாளி ரஷ்ய மொழிதான் பேசுவார். வயித்துவலி எப்ப ஆரம்பிச்சதுன்னு கேக்கத் தெரியாம பிள்ளை நிக்கும்.

திரும்பி வந்தா எஃப்எம்ஜிஇ, வெளிநாட்டுல மருத்துவம் படிச்சவங்க எழுதற தகுதிப் பரீட்சை. 300 கேள்வி, 150 எடுத்தாகணும். பாஸானா இங்கயும் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். நீட் தகுதி இல்லாமப் போயிருந்தா அந்தப் பரீட்சையே எழுத முடியாது. மாந்தோப்பை அடமானம் வெச்ச அப்பாகிட்ட, கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்ல பேனர் வெச்ச ஏஜென்டுக்கு அஞ்சு நிமிஷம் ஆகுமா?