கோல்போர்ன் போரில் இறக்கவில்லை
"வின்னி கரடியை வளர்த்த ராணுவக் கால்நடை மருத்துவர் பிரான்ஸ் போர்முனையில் செத்துப்போனார், அதனால்தான் கரடி லண்டன் மிருகக்காட்சி சாலையிலேயே தங்கிவிட்டது" என்று சிலர் சொல்வது தவறு. உருக்கமான கதைதான், ஆனால் நடக்கவில்லை.

'வின்னி-த-பூ' குழந்தைக் கதைகளின் கரடிக்குப் பெயர் தந்த நிஜக் கரடிதான் வின்னி. அதை வளர்த்த ஹாரி கோல்போர்ன் கனடா ராணுவக் கால்நடை மருத்துவப் பிரிவு அதிகாரி. 1914 ஆகஸ்டில் கனடாவின் வொயிட் ரிவர் ரயில் நிலையத்தில் 20 டாலருக்கு அந்தக் குட்டியை வாங்கினார். போர்க் குதிரைகளைக் கவனிக்க பிரான்ஸ் போக வேண்டியிருந்ததால் டிசம்பரில் அதை லண்டன் மிருகக்காட்சி சாலையில் விட்டார். உயிரோடுதான் திரும்பினார். கரடியைக் கனடாவுக்கே கூட்டிப்போகத்தான் எண்ணம். ஆனால் லண்டனில் குழந்தைகளோடு அது அவ்வளவு ஒட்டிக்கொண்டதால் 1919-இல் மிருகக்காட்சி சாலைக்கே கொடுத்துவிட்டார். அப்புறம் வின்னிபெக்கில் கால்நடை மருத்துவம் பார்த்தார். இறந்தது 1947-இல். கரடி அவருக்கு முன்பே, 1934-இல் போய்விட்டது.