எங்கே போய் விளையாடுவார்கள்?

"எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார்கள்" என்று பிள்ளைகளைத் திட்டுபவர்களேதான் எங்கள் குடியிருப்பில் 'பந்து விளையாடக் கூடாது' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். எரிச்சலாக வருகிறது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கே ஓடுவது? தெருவெல்லாம் வண்டி, கீழ்த்தளம் முழுக்கக் கார், அப்புறம் டியூஷன் வேறு.

பள்ளி விட்டதும் நாங்கள் தெருவிலேயே கில்லிக்குக் குழி தோண்டுவோம். கோலியில் தோற்றவன் மடக்கிய விரல் முட்டியை நீட்டி அடி வாங்க வேண்டும். பம்பரத்தில் ஆக்கர், அதாவது அடுத்தவன் பம்பர ஆணி குத்திய பள்ளம், விழுந்தால் சண்டை வரும், மறுநாளே சேர்ந்துகொள்வோம். பெரியவர்கள் யாரும் பஞ்சாயத்துக்கு வந்ததில்லை. அந்தச் சண்டைகூட இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லையே!

சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரையாவது கார்களை ஓரமாக நிறுத்துங்கள். பலகையை இன்றைக்கே கழற்றுங்கள்.