செயற்கை மூலக்கூறுகளுக்கு அறிவு வந்துவிட்டதா?

"ஆய்வகத்தில் செய்த மூலக்கூறுகள் தாங்களே யோசித்து, பிடித்ததைத் தேடிப் பிடிக்கின்றன. இதற்கு நோபல் பரிசும் கிடைத்துவிட்டது" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. பரிசு உண்மைதான்: 1987-இல் வேதியியலுக்காக பெடர்சன், கிராம், லேன் மூவரும் பெற்றார்கள். யோசிப்பது என்பது தவறு.

பெடர்சன் 1967-இல் வெளியிட்ட கிரௌன் ஈதர்கள் என்ற வளைய வடிவ மூலக்கூறுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றான 18-கிரௌன்-6 என்பது ஆறு ஆக்சிஜன் அணுக்கள் உள்ள வளையம். அதன் நடுவே பொட்டாசியம் அயனி (மின்னேற்றம் கொண்ட அணு) கச்சிதமாக உட்காரும். ஆறு ஆக்சிஜனும் சுற்றிலும் இழுத்துப் பிடிக்கும். சோடியம் அயனி சிறியது. அதுவும் ஒட்டத்தான் செய்யும், ஆனால் பிடி தளர்வு. அளவும் மின் ஈர்ப்பும் செய்கிற வேலை இது. எனக்கு இதுவே பெரிய அதிசயம்!

நோபல் பரிசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் 1987 வேதியியல் பக்கத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம். அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.